எபிசோட் 37: பிடுங்கி எறியச் சொன்ன செடி

(பேசியதைத் திருத்தி எழுதிய வடிவம்)

இந்த எபிசோட் ஒரு மாத்திரை டப்பாவில் இருந்து ஆரம்பிக்குது.

பெரியப்பா பொண்ணு, எனக்கு அக்கா முறை, நியூஜெர்சியில் இருக்காங்க. போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப அப்பாவுக்கு ஒரு டப்பா கொண்டு வந்தாங்க. உள்ளே ஜெல்லி மிட்டாய் மாதிரி ஊதா நிற உருண்டைகள். "சித்தப்பா, தினமும் ரெண்டு சாப்பிடுங்க, சளி கிட்டயே வராது"ன்னாங்க. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு லேபிளை முழுசா படிச்சார். அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, இது என்னப்பா பழம்? எங்க விளையுது? யார் விளைவிக்கிறா?"ன்னு கேட்டார். பழத்தின் பெயர் எல்டர்பெர்ரி. மத்த ரெண்டு கேள்விக்கும் லேபிள்ல பதில் இல்ல.

அப்பா ரேஷன் அரிசியைக்கூட எந்த ஊர் அரிசின்னு கேட்டு வாங்குற ஆள். பதில் சொல்லியாகணும். அன்னிக்கு ராத்திரி தேட உட்கார்ந்தேன். மருத்துவப் பயன் பத்தித்தான் எதாவது வரும்னு நினைச்சேன். கிடைச்சது வேற. 1757-ல் போர்ச்சுகல் அரசாங்கம் போட்ட ஒரு உத்தரவு: எல்டர் மரங்களை வேரோடு பிடுங்க வேண்டும். பறவை தின்கிற ஒரு வேலிச் செடி மேல ஒரு அரசாங்கத்துக்கு அப்படி என்ன கோபம்? இன்னிக்கு நாம பேசப்போறது அதைத்தான்.

முதல்ல செடி. ஐரோப்பிய எல்டரின் தாவரவியல் பெயர் சம்பூகஸ் நைக்ரா. ஆள் உயரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வளரும் புதர் மரம். ஓடைக்கரை, வேலியோரம், பாழடைந்த வீட்டுச் சுவர்ப் பக்கம் என்று யாரும் நடாமலேயே வரும். குளிர்காலத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் சொருகினால் போதும், வேர் விட்டுவிடும். நம்ம ஊர் முருங்கைப் போத்து மாதிரி. மே, ஜூன் வாக்கில் குடை விரித்ததுபோல வெள்ளைப் பூங்கொத்து. ஆகஸ்ட், செப்டம்பரில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கருப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தண்டின் நடுவில் பஞ்சு மாதிரி சோறு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் குழாய். ரோமானிய எழுத்தாளர் பிளினி காலத்திலேயே இதில் ஊதுகுழல் செய்திருக்கிறார்கள்.

மருந்தாகவும் பழசு. 1631-ல் மார்ட்டின் பிளாக்விச் என்ற ஜெர்மானியர் இந்த ஒரே ஒரு மரத்தைப் பற்றி லத்தீனில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இலை, பட்டை, பூ, பழம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நோய். கொஞ்ச வருஷம் கழிச்சு அது இங்கிலீஷிலும் வந்தது.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். இதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. இலை, தண்டு, விதை, பழுக்காத காய் எல்லாவற்றிலும் சயனைடை வெளியிடக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. நம்ம மரவள்ளிக் கிழங்கு விவகாரம்தான். 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டெரே பகுதியில் ஒரு குழுவினர் காட்டு எல்டர் பழங்களை இலை, கிளையோடு சேர்த்து நசுக்கிச் சாறு எடுத்துக் குடித்தார்கள். கால் மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி. 8 பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். நல்லா வேக வெச்சா பிரச்சனை இல்ல. ஐரோப்பாவில் காலங்காலமாகக் காய்ச்சித்தான் சாறு, ஜாம், சிரப் செய்கிறார்கள்.

சரி, போர்ச்சுகலுக்குப் போவோம்.

இந்தப் பழத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கையில் பட்டால் லேசில் போகாது. ஒரு பிடி பழம் ஒரு பாத்திரம் வெளிறிய ஒயினை அடர் சிவப்பாக மாற்றிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் அதுதான் தேவைப்பட்டது, தேவைப்பட்டவர்கள் இங்கிலீஷ்காரர்கள்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அப்போது ஓயாத சண்டை. பிரெஞ்சு ஒயின் வருவது நின்று நின்று போனது. 1703-ல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மெத்யுவன் ஒப்பந்தம் போட்டார்கள். போர்ச்சுகல் இங்கிலீஷ் கம்பளித் துணியை உள்ளே விடும். பதிலுக்கு இங்கிலாந்து போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வரி போடும். உடனே வட போர்ச்சுகலின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் ஒயினுக்கு லண்டனில் கிராக்கி. ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள போர்த்தோ நகரத்தில் இருந்து கப்பல் ஏறியதால் அதற்குப் போர்ட் ஒயின் என்று பெயர் வந்தது.

போர்த்தோவில் இங்கிலீஷ் வியாபாரிகளுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. ஃபாக்டரி என்பார்கள். தொழிற்சாலை இல்ல, சென்னப்பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க வெச்சிருந்தாங்களே, அந்த மாதிரி வியாபாரக் குடியிருப்பு. மலைச்சரிவில் கல்லை உடைத்துப் படி கட்டி, திராட்சை நட்டு, மிதித்து, ஒயின் ஆக்குபவர்கள் போர்ச்சுகல் விவசாயிகள். வாங்குவதும் கப்பல் ஏற்றுவதும் விலை வைப்பதும் இங்கிலீஷ்காரர்கள். நடுவில் தரகர்கள்.

கிராக்கி ஏறியதும் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கண்ட இடத்தில் திராட்சை நட்டார்கள். நெல் விளையற வண்டல் நிலத்துல நல்ல போர்ட் திராட்சை வராது; அதுக்குக் காய்ஞ்ச பாறைச் சரிவுதான் வேணும். ஆனால் வண்டலில் அளவு நிறைய வரும். அந்த ஒயின் தண்ணியாக, வெளிறிப் போய் இருக்கும். அதில் எல்டர்பெர்ரிச் சாறைக் கலந்தால் நிறம் வந்துவிடும். கொஞ்சம் சர்க்கரை, காரத்துக்கு மிளகு, தூக்கலுக்குப் பிராந்தி. திராட்சை பழுக்கிற காலத்தை ஒட்டியே எல்டரும் பழுக்கும் என்பது இன்னும் வசதி. பழத்தைக் காய வைத்தும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1750-களின் நடுவில் லண்டனில் விஷயம் தெரிஞ்சுபோச்சு. போர்ட் பெயர் கெட்டது. விலை தரைதட்டியது. 1754-ல் போர்த்தோவின் இங்கிலீஷ் ஃபாக்டரி தங்கள் தரகர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. சாரம் இதுதான்: விவசாயிகள் ஒயினைக் கெடுக்கிறார்கள், எல்டர்பெர்ரி கலக்கிறார்கள், இதனால்தான் வியாபாரம் படுத்துவிட்டது. தரகர்கள் பணிவாகத் தலையாட்டவில்லை. நீங்கள்தானே மை மாதிரி நிறம் வேண்டும், நெருப்பு மாதிரி காரம் வேண்டும், இந்திய வாசனைப் பொருள்களின் மணம் வேண்டும் என்று கேட்டீர்கள், கேட்டதைத்தான் கொடுத்தோம் என்று திருப்பி எழுதினார்கள்.

இந்தக் கடிதப் போக்குவரத்தைப் படிச்சப்ப எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. கஸ்டமர் கேட்ட ஸ்பெக்கை எழுதிக் கொடுத்துட்டு, புரொடக்ஷன்ல உடைஞ்சதும் டெவலப்பரைக் கூப்பிட்டுத் திட்டுவாங்கல்ல, அதே தொனி. என் தீர்ப்பு தரகர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஆனா அவங்களும் யோக்கியம் இல்ல, கலப்படத்துல அவங்க கையும் இருந்தது. இந்தக் கடிதங்களில் பேசவே வாய்ப்பு கிடைக்காத ஆள், பாறைச் சரிவில் கலப்படம் செய்யாமல் விளைவித்த விவசாயி. அவனுக்கும் அதே விழுந்த விலைதான்.

இந்த இடத்தில்தான் செபஸ்தியாவ் ஜோசே டி கர்வாலோ வருகிறார். பின்னாளில் பொம்பல் பிரபு என்று பட்டம் பெற்றதால் நாமும் பொம்பல் என்றே சொல்வோம். அரசனின் முதன்மை அமைச்சர். 1755 நவம்பர் 1-ம் தேதி லிஸ்பன் நகரத்தை பூகம்பம் தரைமட்டமாக்கியபோது மீட்பு வேலையைக் கையில் எடுத்து, அதன் மூலமே நாட்டைக் கையில் எடுத்துக்கொண்டவர். 1756 செப்டம்பர் 10-ம் தேதி டூரோ மேல்பகுதித் திராட்சை விவசாயத்துக்கென்று ஒரு கம்பெனியை அரசாணை மூலம் தொடங்கினார்.

கம்பெனி செய்த முதல் பெரிய வேலை எல்லை வரைவது. இந்தச் சரிவில் விளைவதுதான் ஏற்றுமதி ஒயின், அந்தப் பக்கம் விளைவது உள்ளூர்க் குடிக்கு மட்டும். காகிதத்தில் மட்டும் வரையவில்லை, 1758-லும் 1761-லும் கருங்கல் தூண்களை நட்டார்கள். 300-க்கும் மேல். ஃபெய்தோரியா என்ற சொல்லும் வருஷமும் அதில் வெட்டியிருக்கும். சில தூண்கள் இன்னிக்கும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவுல நிக்குது. உலகத்திலேயே முதல்ல எல்லை வரையப்பட்ட ஒயின் பகுதி எங்களுடையதுதான்னு அங்க பெருமையா சொல்வாங்க. அது முழு உண்மை இல்ல. இத்தாலியின் கியாந்திக்கு 1716-லேயே எல்லை சொல்லியாச்சு. ஆனால் எல்லை, தரம், விலை, தண்டனை எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அமைப்பின் கையில் கொடுத்தது டூரோவில்தான். மதுரை மல்லிக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு வாங்கினோமே, அந்த யோசனையின் கொள்ளுத் தாத்தா இந்தக் கருங்கல் தூண்.

அடுத்தது அந்த உத்தரவு. ஒயின் பகுதியிலும் அதைச் சுற்றியும் எல்டர் மரம் இருக்கவே கூடாது. திராட்சைக்கு எரு போடுவதற்குக்கூடத் தடை வந்தது. எரு போட்டால் அளவு கூடும், தரம் குறையும் என்பது வாதம். எருத் தடையாவது புரியுது. ஆனா ஒரு மரத்தையே ஒழிக்கறது? யார் கலக்கிறார்கள் என்று ஒவ்வொரு தொட்டியாகப் பார்க்க ஆள் இல்லை. ஒயினுக்குள் எல்டர் சாறு இருக்கிறதா என்று சோதிக்க அன்றைக்கு ஒழுங்கான வழியும் இல்லை. வேலியில் மரம் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். அதனால் மரத்தைப் பிடித்தார்கள். கஷாயத்துக்குப் பூவும் பழமும் அந்த மரத்தில் பறித்துக்கொண்டிருந்த வீடுகள் எத்தனையோ இருந்திருக்கும். அதைப் பற்றி உத்தரவுக்குக் கவலை இல்லை.

கம்பெனி உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றியதா? கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களை ஓரளவு காப்பாற்றியது, அதிலும் பெரிய நிலக்காரர்களை நன்றாகவே. விலை நின்றது, கலப்படம் கொஞ்ச காலம் குறைந்தது. கோட்டுக்கு வெளியே விழுந்த சிறு விவசாயிக்குப் பெரிய சந்தை ஒரே நாளில் போனது. அதோடு போர்த்தோ நகரத்து மதுக்கடைகளுக்கு ஒயின் சப்ளை செய்யும் உரிமையும், பிரேசிலுக்கு அனுப்பும் உரிமையும் கம்பெனிக்கே. சின்னச் சின்னக் கடை வைத்திருந்தவர்கள், அதில் பெண்களும் உண்டு, பிழைப்பை இழந்தார்கள்.

1757 பிப்ரவரி 23, சாம்பல் புதன்கிழமை. போர்த்தோ தெருக்களில் கூட்டம் திரண்டது. கம்பெனியைக் கலைக்கச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். குடிகாரர்கள் கலகம் என்று அதற்குக் கிண்டலாக ஒரு பெயர் உண்டு. ஒருநாள் கலவரம்தான். ஆனால் பொம்பல் அதை ராஜத் துரோகமாக எடுத்துக்கொண்டார். படை வந்து நகரத்து வீடுகளில் தங்கியது. விசாரணை நடந்தது. பலரைத் தூக்கில் போட்டார்கள். உள்ளூர் விளைபொருளைக் காப்பாற்ற வந்த சட்டத்துக்காக உள்ளூர்க்காரர்களே தூக்கில் தொங்கினார்கள். போர்ட் ஒயின் விளம்பரங்கள் கருங்கல் தூணைக் காட்டும். இதைக் காட்டுறதை நான் பார்த்ததில்ல.

எல்டர் ஒழிந்ததா? இல்லை. சுமார் தொண்ணூறு வருஷம் கழித்து, 1844-ல், ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் என்ற இங்கிலீஷ் ஒயின் வியாபாரி பெயர் போடாமல் ஒரு சின்னப் பிரசுரம் வெளியிட்டார். ஒயினில் எல்டர்பெர்ரி கலக்கிறார்கள் என்பதே அதிலும் புகார். டூரோ ஆற்றை அங்குலம் அங்குலமாக வரைபடம் ஆக்கியவர் அவர். 1861-ல் அதே ஆற்றின் நீர்ச்சுழலில் படகு கவிழ்ந்து இறந்தார்.

இப்ப டூரோவுக்குத் தெற்கே வரோசா என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்குக்கு வாங்க. தரோக்கா ஊர்ப் பக்கம். இன்று அங்கே வரிசை வரிசையாக எல்டர் தோட்டங்கள். பிடுங்கச் சொன்ன அதே மரம்தான், இப்போது விவசாயிகளுக்குக் காசு தரும் பயிர். பழத்தின் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் மற்ற நாடுகளுக்கும் போகிறது. உணவுக்கு நிறமேற்ற, சிரப் செய்ய, அக்கா கொண்டு வந்த மாதிரி மாத்திரை செய்ய. அறுவடை கைவேலை. கொத்தோடு வெட்டி, காம்பிலிருந்து உதிர்க்க வேண்டும். உறைய வைத்தால் உதிர்ப்பது சுலபம் என்பது இந்தப் பயிர் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமம். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்திலும் சின்ன விவசாயிகள் அந்த மண்ணின் சொந்த எல்டர் வகையைப் பயிர் செய்கிறார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லைக் கேட்டாலே வாங்குகிற காலம். நம்ம ஊர்ல கபசுரக் குடிநீர் எப்படி ஓடுச்சோ, அமெரிக்காவில் எல்டர்பெர்ரி அப்படி. அந்த ஒரு வருஷம் அங்கே பெரிய கடைகளில் விற்ற மூலிகைப் பொருள்களில் இதுதான் முதலிடம், 27 கோடி டாலருக்கும் மேல். எல்டர் மரம் காய்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். கிராக்கி இரண்டு மாதத்தில் ஏறியது. அந்த இடைவெளியை எதை வெச்சு நிரப்பினாங்க?

கருப்பு அரிசி.

ஆமா, நம்ம கவுனி அரிசியின் சொந்தக்காரங்க. எல்டர்பெர்ரிச் சாரம் என்ற பெயரில் விற்ற சரக்குகளைச் சோதித்தபோது, சிலவற்றில் கருப்பு அரிசியின் நிறச்சாரம் கலந்திருந்தது. இரண்டுக்கும் ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற குடும்பம். வெறும் நிறத்தின் அளவை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் கையெழுத்து வேறு. எல்டரில் சம்பூபயோஸ் என்ற சர்க்கரை ஒட்டிய வகை நிறைய இருக்கும். அந்தச் சர்க்கரையின் பெயரே சம்பூகஸ் என்ற செடிப் பெயரில் இருந்து வந்ததுதான். கருப்பு அரிசியில் பியோனிடின் என்ற வகை இருக்கும். எல்டர் சாரத்தில் பியோனிடின் தலை காட்டினால், யாரோ அரிசியைக் கலந்திருக்கிறார்கள். பொம்பலிடம் இல்லாத சோதனை இது. 1757-ல் கலப்படப் பொருள் எல்டர். இப்போ கலப்படம் ஆகிறது எல்டர். வரோசாவிலும் மிசூரியிலும் கொத்துக் கொத்தாக வெட்டி உதிர்க்கிறவனுடைய விலையை, மலிவான சாரம் வந்து இறக்குகிறது.

இத்தனை சண்டைக்கு இந்தப் பழம் உண்மையிலேயே சளிக்குக் கேட்குமா? 2004-ல் நார்வேயில் 60 பேரை வைத்து நடந்த ஆய்வு, ஃப்ளூ வந்தவர்கள் சிரப் சாப்பிட்டால் சராசரியாக 4 நாள் முன்னால் தேறினார்கள் என்றது. 2020-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வு, 87 பேர், ஒரு வித்தியாசமும் இல்லை என்றது. ரெண்டுமே சின்ன ஆய்வுகள். கொரோனாவுக்கு இது கேட்கும் என்பதற்குச் சான்று கிடையாது. காய்ச்சிய பழத்தில் சத்து இருக்கு, சுவையா இருக்குன்னு சொல்லலாம். மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் அப்பாகிட்ட ரெண்டு நாள் உட்கார்ந்து சொன்னேன். முழுசா கேட்டார். அம்மா அப்போ சமையல்கட்டுல தீபாவளிக்குக் கவுனி அரிசி ஊறப் போட்டிருந்தாங்க. ராத்திரி முழுக்க ஊறினால் தண்ணி கிட்டத்தட்ட ஒயின் நிறத்துக்கு வந்துடும். அப்பா அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துட்டு, "இதை நம்ம ஊர்ல எவன் விளைவிக்கிறான்னு எனக்குத் தெரியும். அந்த டப்பாவை அக்காகிட்டயே குடுத்துடு"ன்னார். அக்கா மூஞ்சிக்கு நேரா எப்படிக் குடுக்கறது? டப்பா இன்னும் என் மேசை மேலதான் இருக்கு. லேபிள்ல இருந்த முகவரிக்கு ஒரு மெயில் போட்டேன்: பழம் எந்த நாடு, எந்த ஊர், யார்கிட்ட வாங்கினீங்கன்னு. இந்தப் பதிவு பண்ற வரைக்கும் பதில் வரல. வந்தா அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.